நனைந்த இயர்பட்ஸைக் கேஸுக்குள் போடாதீர்கள்

கையில் ஈரம் சொட்டும் இயர்பட்ஸை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் இந்த ஒரு பத்தி போதும், மிச்சத்தை அது காய்கிற நேரத்தில் படித்துக்கொள்ளலாம், அதற்கு நேரம் நிறையவே இருக்கும். சார்ஜ் ஏற்றும் டப்பா இருக்கிறதே, அந்தக் கேஸில் போடாதீர்கள். சார்ஜ் போடாதீர்கள். பாட்டு வருகிறதா என்று காதில் வைத்துப் பார்க்காதீர்கள். ஃபோனில் ப்ளூடூத்தை அணையுங்கள். காதுக்குள் போகும் சிலிகான் இயர்டிப்பைக் கழற்றி ஓரமாக வையுங்கள். வெளியில் தெரியும் ஈரத்தைப் பருத்தித் துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஒலி வருகிற வலை கீழே பார்த்திருக்கும்படி ஒரு டிஷ்யூவின் மேல் வைத்து, பக்கத்தில் ஃபேனைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதலுதவி அவ்வளவுதான்.

நான் இதைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பேன்ட் பாக்கெட்டில் இருந்ததை மறந்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். துணியை உதறும்போது டக்கென்று ஏதோ தரையில் விழ, குனிந்து பார்த்தால் கேஸ். திறந்தால் உள்ளே இரண்டும் பளபளவென்று இருக்கின்றன, வாங்கிய நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. காதில் வைத்தேன், பாடியது. ஆகா, தப்பித்தோம் என்று நிம்மதியாகக் கேஸில் போட்டு, கேஸை சார்ஜில் போட்டு, தூங்கப் போய்விட்டேன். காலையில் இடது பக்கம் செத்துக் கிடந்தது. சார்ஜ் ஆகும் இடத்தில் இருந்த தங்க நிறப் புள்ளிகளில் ஒன்று கறுத்துப்போயிருந்தது. ஒரு மணி நேரம் தண்ணீரிலும் சோப்பிலும் சுற்றியபோது சாகாத பொருள், காய்ந்த இடத்தில் ஒரு இரவு படுத்திருந்து செத்துப்போனது. கொன்றது தண்ணீர் இல்லை, நான்தான்.

கேஸ் ஏன் ஆபத்து

சுத்தமான நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் குழாய்த் தண்ணீர், வியர்வை, கடல் நீர் எல்லாவற்றிலும் உப்புகள் கரைந்திருக்கின்றன, அதனால் அவை கடத்தும். இயர்பட்ஸின் அடியில் இரண்டு மூன்று உலோகப் புள்ளிகள் இருக்கும், கேஸின் குழிக்குள் அவற்றைத் தொடுகிற குட்டி முனைகள் இருக்கும். அந்த முனைகளின் வழியாகத்தான் சார்ஜ் ஏறுகிறது. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு சொட்டு ஈரம் இருக்கும்போது மின்னழுத்தம் கொடுத்தால் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் பார்த்த மின்னாற்பகுப்பு அங்கே சின்ன அளவில் நடக்கத் தொடங்கிவிடும். நேர்முனைப் பக்கத்து உலோகம் கரையும், கரைந்தது இன்னொரு பக்கம் போய்ப் படியும், பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு பொருக்கு உண்டாகும். முலாம் மிக மெல்லியது என்பதால் அது போய்விட்டால் அடியில் இருக்கும் உலோகம் சீக்கிரம் அரித்துவிடும். வெறும் தண்ணீர் நாள்கணக்கில் செய்கிற சேதத்தை, மின்சாரம் ஓடுகிற தண்ணீர் ஒரே இரவில் செய்துவிடும்.

உள்ளேயும் இதே கதைதான். ஒவ்வொரு இயர்பட்டிலும் ஒரு குட்டி லித்தியம் அயன் பேட்டரி இருக்கிறது, பெரும்பாலும் 30 முதல் 60 மில்லிஆம்பியர் மணி வரை, சராசரியாக 3.7 வோல்ட். அந்தக் காலத்து ஃபோன் என்றால் மூடியைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்துவிடலாம். இதில் முடியாது, எல்லாம் பசையால் ஒட்டி மூடப்பட்டிருக்கும். ஆக உள்ளே போன தண்ணீர், உயிருள்ள மின்சுற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை ஓட வைக்காமல், கூடுதலாக மின்சாரம் ஏற்றாமல், சீக்கிரம் வெளியேற்றுவது மட்டும்தான் நம் கையில் இருப்பது.

இங்கே ஒரு சிக்கல் வரும், நிறையப் பேர் கேட்பது: பல மாடல்களில் கேஸில் போட்டால்தான் இயர்பட்ஸ் அணையும், கேஸில் போடவும் கூடாது என்றால் எப்படி அணைப்பது? சில மாடல்களில் பட்டனையோ தொடும் பகுதியையோ சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அணையும், உங்களுடையது அப்படி என்றால் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால் ஃபோனின் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள், லேப்டாப், டேப்லெட் என்று வேறு எதனுடனாவது ஜோடி சேர்த்திருந்தால் அதிலும் அணையுங்கள். இணைப்பு கிடைக்காத இயர்பட்ஸ் கொஞ்ச நேரத்தில் தானே உறங்கிவிடும். முழுதாக அணைவதும் இதுவும் ஒன்றில்லைதான், ஆனால் ஈரத்தோடு கேஸில் போடுவதைவிட நூறு மடங்கு மேல்.

எந்தத் தண்ணீர் என்பது முக்கியம்

மழைத் தண்ணீரோ குடிக்கிற தண்ணீரோ பட்டிருந்தால் காய வைத்தால் போதும். கடல் நீரோ நீச்சல் குளத்துத் தண்ணீரோ டீ, ஜூஸ் மாதிரி இனிப்பான ஏதாவதோ பட்டிருந்தால் காய வைப்பது பாதி வேலைதான். கடல் நீர் காய்ந்தால் உப்பு அங்கேயே நிற்கும், உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் இன்று நன்றாகப் பாடியது இரண்டு வாரம் கழித்து நின்றுபோகலாம். சர்க்கரை காய்ந்தால் வலையை அடைத்துக்கொண்டு பிசின் மாதிரி இறுகிவிடும்.

இந்த மாதிரி நேரத்தில் நல்ல தண்ணீரால் அலசலாமா என்றால், அது உங்கள் இயர்பட்ஸ் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று சொல்லும் தரக்குறியைப் பொறுத்தது. ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் நல்ல தண்ணீரில் லேசாக அலசி எடுக்கலாம். குழாயை வேகமாகத் திறந்து அதன் கீழே பிடிக்காதீர்கள், காரணம் கீழே வருகிறது. ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கும் கீழே என்றால் அலசவே வேண்டாம், துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, இறுக்கிப் பிழிந்து, அதனால் வெளிப்புறத்தை இரண்டு மூன்று தடவை துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். கேஸை மட்டும் எக்காரணம் கொண்டும் அலச வேண்டாம்.

சோப்புத் தண்ணீர் தனி ரகம். ஒலி வரும் துளைகளின் மேல் இருக்கும் வலை தண்ணீரை எப்படித் தடுக்கிறது என்றால், தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையை நம்பித்தான். சின்ன ஓட்டைக்குள் நுழைய முடியாமல் தண்ணீர் உருண்டு நின்றுவிடும். சோப்பு செய்கிற வேலையே அந்த இழுவிசையைக் குறைப்பதுதான், அதனால்தான் துணி இழைக்குள் தண்ணீர் நுழைந்து அழுக்கு போகிறது, அதே காரணத்தால் வலைக்குள்ளும் நுழைகிறது. ஆகவே வாஷிங் மெஷினில் போனவை, குளிக்கும்போது ஷாம்பு பட்டவை எல்லாம் வெளியில் பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே ஈரம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐபி எண்ணை நம்பலாமா

நம்பலாம், ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். ஐஇசி 60529 என்கிற சர்வதேசத் தரநிலையிலிருந்து வருவது இந்தக் குறி. முதல் எண் தூசு, திடப்பொருள்களுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எக்ஸ் என்று இருந்தால் அந்தப் பகுதிக்கு மதிப்பு கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், வியர்வை, தூறல் மாதிரி. 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து பீச்சும் தண்ணீர். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முக்கி வைத்திருப்பது.

7 வாங்கினால் 5 தானாகவே அதில் அடக்கம் என்று நினைப்போம். இல்லை. அசையாத தண்ணீரில் மூழ்கியிருப்பது வேறு சோதனை, வேகமாகப் பீச்சுவது வேறு சோதனை. முக்கினால் தாங்குகிற பொருள் பீச்சினால் தாங்கும் என்று உத்தரவாதம் கிடையாது, குழாயை வேகமாகத் திறந்து அலச வேண்டாம் என்று சொன்னது அதனால்தான். அப்புறம், இந்தச் சோதனைகள் புதுப் பொருளை வைத்து, உப்போ சோப்போ இல்லாத தண்ணீரில் செய்யப்படுபவை. இரண்டு வருடம் காதிலும் பாக்கெட்டிலும் கிடந்து, நாலு தடவை தரையில் விழுந்து எழுந்த இயர்பட்ஸின் பசையும் ரப்பரும் பழைய மாதிரி இருக்காது. நீராவியும் இதில் வராது. வெந்நீரில் குளிக்கும்போது பாட்டுக் கேட்பவர்கள் கவனிக்க: சொட்டு நுழையாத இடத்தில் ஆவி நுழையும், உள்ளே போய்க் குளிர்ந்து சொட்டாக மாறி உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று, குறி பெரும்பாலும் இயர்பட்ஸுக்கு மட்டும்தான். சாம்சங்கின் கேலக்ஸி பட்ஸ்2 ப்ரோ ஐபிஎக்ஸ்7, ஆனால் அதன் கேஸுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆப்பிளின் முதல் தலைமுறை ஏர்பாட்ஸ் ப்ரோவிலும் இயர்பட்ஸுக்கு ஐபிஎக்ஸ்4 இருந்தது, கேஸுக்கு இல்லை. 2022-இல் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் கேஸுக்கும் கொடுத்தார்கள். சாதாரண ஏர்பாட்ஸின் முதல் இரண்டு தலைமுறைகளுக்குக் குறியே இல்லை. உங்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, எதற்கு எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நனைந்த பிறகு தேடினால் பதற்றத்தில் கண்ணில் படாது.

காய வைக்கும் வேலை

சரி, வெளி ஈரத்தை ஒற்றியாயிற்று. இப்போது உள்ளே நிற்பதை வெளியே வரவழைக்க வேண்டும். வலை கீழே பார்க்கும்படி இயர்பட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையை இன்னொரு உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள், உதறுகிற உதறலில் அது பறந்துபோய்ச் சுவரில் மோதக் கூடாது. டிஷ்யூவின் ஒரு மூலையை வலைமேல் வைத்து சில விநாடி பிடியுங்கள், வலைக்குள் நிற்கும் நீர் தானாக டிஷ்யூவுக்கு ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. டிஷ்யூ நனைவது நிற்கும் வரை இடத்தை மாற்றி மாற்றி வையுங்கள். இந்தச் சின்ன வேலை மணிக்கணக்கில் ஃபேன் செய்வதைவிட அதிகம் செய்யும். மைக்குக்கான துளை, காற்றழுத்தம் சமமாவதற்கென்று விட்டிருக்கும் பின்பக்கத் துளை என்று எங்கெங்கே ஓட்டை தெரிகிறதோ அங்கெல்லாம் இதையே செய்யுங்கள்.

ஊசி, குண்டூசி, பல் குத்தும் குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். வாயால் ஊதுவது, கம்ப்யூட்டர் துடைக்கிற அழுத்தக் காற்று டப்பாவால் அடிப்பது இரண்டும் வேண்டாம். மைக் என்று நாம் சொல்வது உள்ளே சிலிக்கானில் செய்த ஒரு மெல்லிய சவ்வு, பலத்த காற்று நேராக அடித்தால் கிழிந்துவிடும். தண்ணீரிலிருந்து தப்பித்த மைக்கை நாமே ஊதிக் கிழித்த கதையாகும். வாயால் ஊதினால் எச்சிலும் ஆவியும் போனஸ்.

பிறகு ஃபேன். சூடு வேண்டாம், ஓடுகிற காற்று போதும். ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது, ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது என்பதால் அங்கே சீக்கிரம் காயும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள். ஃபோம் இயர்டிப் என்றால் அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், பிழிந்து தனியாகக் காய வையுங்கள், முழுதாகக் காயாமல் மாட்டாதீர்கள்.

ஹேர் ட்ரையர் எடுக்க எல்லோருக்கும் கை பரபரக்கும். வேண்டாம். லித்தியம் அயன் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே வழக்கமாக 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பார்கள், ஹேர் ட்ரையரின் சூடான காற்று அதையெல்லாம் எளிதாகத் தாண்டும். பசை இளகும், ஒலி எழுப்பும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு நெளியும், வேகமான காற்று தண்ணீரை வெளியே எடுப்பதற்குப் பதில் இன்னும் உள்ளே தள்ளும். நடுப்பகல் வெயிலில் வைப்பதும், வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைப்பதும் இதே ரகம்தான். மைக்ரோவேவ், ஓவன் பற்றிப் பேசவே வேண்டாம், பேட்டரி வெடிக்கலாம்.

அப்புறம் நம்முடைய அரிசி. நனைந்த எதையும் அரிசி டப்பாவில் புதைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியாது, ஆனால் போகவே மாட்டேன் என்கிறது. அரிசிக்குள் ஏற்கெனவே 12 முதல் 14 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கிறது. அது இன்னும் ஈரத்தை இழுக்கும்தான், ஆனால் மிக மெதுவாக. சும்மா மேசைமேல் காற்றோட்டமாக வைப்பதைவிடப் பெரிய லாபம் எதுவும் இல்லை, நஷ்டம் உண்டு: அரிசித் தூள் ஈரத்தில் கலந்து வலையில் பசையாக ஒட்டும், குருணை கேஸின் சார்ஜிங் துளைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஆப்பிளே 2024-இல் நனைந்த ஐஃபோன் பற்றிய குறிப்பில் அரிசிப் பையில் போடாதீர்கள், சின்னத் துகள்கள் சேதப்படுத்தலாம் என்று எழுதியது. ஐஃபோனின் துளையைவிட இயர்பட்ஸின் துளைகள் சின்னவை.

அரிசிக்குப் பதில் சிலிகா ஜெல். புது ஷூ, பை, மின்சாதனப் பெட்டிகளுக்குள் ‘தின்னாதே’ என்று எழுதி வருமே, அந்தக் குட்டிப் பொட்டலம்தான். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். சிலிகா ஜெல் காற்றில் இருக்கும் ஆவியைப் பிடிக்கும், சொட்டுச் சொட்டாக நிற்கும் தண்ணீரை எட்டிப் போய் உறிஞ்சாது. அதனால் முதலில் ஒற்றி எடுப்பது, பிறகு சில மணி நேரம் ஃபேன், கண்ணுக்குத் தெரியும் ஈரமெல்லாம் போன பிறகுதான் சிலிகா ஜெல். காற்றுப் புகாத சின்ன டப்பாவாக இருக்க வேண்டும், திறந்த கிண்ணத்தில் வைத்தால் அது அறையில் இருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு உங்கள் இயர்பட்ஸுக்கு வரும்போது ஏப்பம் விடும். ஏழெட்டுப் பொட்டலமாவது போடுங்கள். அலமாரியில் வருடக்கணக்கில் திறந்து கிடந்த பொட்டலம் ஏற்கெனவே நிறைந்திருக்கும், பெயருக்குத்தான் உதவும். நிறம் மாறும் மணிகள் என்றால் எது வேலை செய்கிறது என்று பார்த்தாலே தெரியும்.

காது கேட்கும் கருவி போடுகிறவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் இந்த வேலையைத் தினம் இரவு செய்பவர்கள். காதின் ஈரமும் வியர்வையும் கருவியைக் கெடுக்காமல் இருக்க, ஈரம் உறிஞ்சும் மாத்திரை போட்ட ஒரு சின்ன உலர்த்தும் டப்பா அவர்களிடம் இருக்கும். இயர்பட்ஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும்.

கேஸும் நனைந்திருந்தால்

கேஸுக்குள் பெரிய பேட்டரி இருக்கிறது, காதுக்குள் போவதில்லை என்பதால் காப்பும் குறைவு. அதனால் கேஸ் நனைவதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மூடியைத் திறந்து, இரண்டு குழிகளின் அடியையும் காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுங்கள், அடியில் இருக்கும் முனைகளை வளைத்துவிடாமல். பிறகு மூடி திறந்தபடியே கவிழ்த்து வையுங்கள், கூடாரம் மாதிரி நிற்கும். சார்ஜிங் துளையில் கேபிளைச் செருகவே கூடாது. வயர்லெஸ் சார்ஜர் மேல் வைத்தால் பரவாயில்லை என்று நினைப்பார்கள், அதுவும் உள்ளே மின்சாரம் ஏற்றுவதுதான், அதுவும் கூடாது. மூடியின் கீல் பக்கத்தில் ஈரம் ரொம்ப நேரம் ஒளிந்திருக்கும், இடையிடையே மூடியை ஆட்டிப் பாருங்கள்.

எவ்வளவு நேரம்? தூறலோ வியர்வையோ என்றால் ஒரு இரவு. முழுதாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தது என்றால் இரண்டு நாள். சோப்புத் தண்ணீரில் சுற்றியது, குறியே இல்லாத மாடல், கேஸும் சேர்ந்து நனைந்தது என்றால் மூன்று நாள். இது அனுபவக் கணக்கு, தராசில் நிறுத்தது இல்லை. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள், இதில் அந்த ஆறுகிற நேரம்தான் முழு சிகிச்சையும். இரண்டாவது தடவை வேறு ஒரு ஜோடி வாளித் தண்ணீருக்குள் விழுந்தபோது நான் அதை டப்பாவில் போட்டு மூடி, மூன்று நாள் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டேன். நடுவில் எடுத்துப் பார்க்கத் துடித்தது உண்மை. ஆனால் பிழைத்தது.

ஆல்கஹால் பற்றி

கடல் நீர், இனிப்பு பானம், வியர்வை படிந்த கறை இவற்றுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் உதவும், குறைந்தது 90 சதவீதம் உள்ளதாக. அது தண்ணீரோடு கலந்து சீக்கிரம் ஆவியாகும். பஞ்சுக்குச்சியின் நுனியில் லேசாக நனைத்து, சார்ஜிங் புள்ளிகளையும் கேஸின் முனைகளையும் துடைக்க மட்டும் பயன்படுத்துங்கள். சில பேர் இயர்பட்ஸை அப்படியே அதில் முக்கி எடுக்கச் சொல்வார்கள். திறந்த சர்க்யூட் போர்டுக்கு அது சரி, இதற்குச் சரி இல்லை, உள்ளே இருக்கும் பசையும் மெல்லிய தகடும் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. கை கழுவும் சானிட்டைசர் வேண்டாம், அதில் கிளிசரின் மாதிரி வேறு பலதும் இருக்கும், பிசுபிசுப்பை விட்டுப்போகும். தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்புப் பக்கம் வைத்து இதைச் செய்யாதீர்கள், ஆல்கஹால் முழுதாகப் போன பிறகே சார்ஜ்.

இப்போது போட்டுப் பார்க்கலாம்

காய வைக்கும் நாள் கணக்கு முடிந்ததும் முதலில் கண்ணால் பாருங்கள். சார்ஜிங் புள்ளிகள் பளிச்சென்று இருக்கின்றனவா, வலைக்குப் பின்னால் பனி மாதிரி ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் இன்னும் ஒரு நாள். எல்லாம் சரியென்றால் இயர்பட்ஸைக் கேஸில் போட்டு, ஒரு பத்து நிமிடம் மட்டும் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். தொட்டால் சூடாக இருந்தால், வழக்கத்துக்கு மாறான வாசனை வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். முதல் சார்ஜை இரவில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், தலையணைப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

பிறகு ஒவ்வொரு பக்கமாக, ஒலியைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். முதலில் காதில் செருகாமல் பக்கத்தில் பிடித்துக் கேட்பது நல்லது, திடீரென்று கிறீச்சென்று கத்தினால் காது பிழைக்கும். இசையைவிடப் பேச்சு ஒலிப்பதிவு நல்ல சோதனை, மந்தமாகக் கேட்பது அதில் உடனே தெரியும். மைக்குக்கு, ஃபோனில் உங்கள் குரலைப் பதிந்து கேளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைவாக இருந்தால் உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் ஸ்பீக்கர் கெட்டிருக்காது, காதுக் குரும்பி தண்ணீரில் ஊறி வலையில் பரவி, காயும்போது அடைத்துக்கொண்டிருக்கும். உலர்ந்த மென்மையான டூத்பிரஷால், வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு லேசாகத் தட்டித் துலக்குங்கள், விழுந்துவிடும். ஒலி கரகரவென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம், மறுபடி டப்பாவுக்கு.

இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டதும் சீழ்க்கை மாதிரியோ காற்று மாதிரியோ சத்தம் வந்தால், வெளியிலிருக்கும் மைக்கின் துளையில் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். அந்த வசதி அந்த மைக் கேட்பதற்கு எதிர் ஒலியை உண்டாக்குவதால், மைக் தப்பாகக் கேட்டால் அதுவும் தப்பாகவே கத்தும். அதை அணைத்துவிட்டு இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பாட்டு தானாக நிற்பது, தானாக ஓடுவது, யாருக்கோ தானாக அழைப்பு போவது எல்லாம் தொடும் பகுதிக்குக் கீழே இருக்கும் ஈரத்தின் வேலை. விரல் பட்டதற்கும் சொட்டு பட்டதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

ஒரு பக்கம் சார்ஜே ஏறவில்லை என்றால் புள்ளிகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள், பச்சைப் பொருக்கு இருந்தால் பொறுமையாகப் பல தடவை. அப்புறம் ப்ளூடூத் பட்டியலிலிருந்து நீக்கி, உங்கள் மாடலுக்குரிய ரீசெட் முறையைச் செய்து, புதிதாக ஜோடி சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் பட்ட பிறகு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் நிற்பது அடிக்கடி நடக்கும், பழுதில்லை.

தண்ணீரை அதிர்வால் வெளியேற்றும் ஒலி என்று இணையத்தில் கிடைப்பதை ஓட்டலாமா? ஆப்பிள் வாட்ச் தன் ஸ்பீக்கரிலிருந்து தண்ணீரைத் தள்ள இப்படி ஒலி எழுப்புவது உண்மைதான், அது அந்தக் கடிகாரத்துக்கென்றே வடிவமைத்தது. ஈரமான இயர்பட்ஸில் ஓட்டினால் ஈரத்தோடு மின்சுற்றை ஓட வைக்கிறோம், முதல் நாளே செய்யக்கூடாது என்றது அதைத்தானே. காய்ந்த பிறகும் வலையில் மட்டும் கொஞ்சம் அடைப்பு இருந்தால், காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, மிதமான ஒலியில் அரை நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். நான் டிஷ்யூவைத்தான் நம்புகிறேன்.

வேலை செய்கிறது என்பதற்காக உள்ளே இன்னும் ஈரம் இருக்கும் இயர்பட்ஸைக் காதில் போடாதீர்கள். சூடும் ஈரமும் அடைப்பும் சேர்ந்தால் காதுக்குழாயில் பூஞ்சைத் தொற்று வர அருமையான இடம் அது. இயர்டிப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, முழுதாகக் காய வைத்தே மாட்டுங்கள்.

பிழைக்காவிட்டால்

இயர்பட் உப்பியிருந்தால், ஒட்டிய இடம் பிளந்து விரிசல் தெரிந்தால், சார்ஜ் போடாமலே சூடானால், அதோடு விட்டுவிடுங்கள். பேட்டரி கெட்டிருக்கிறது. கத்தியால் நெம்பித் திறந்து பார்க்கிற ஆசை வரும், லித்தியம் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும். எரியக்கூடிய பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள்.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, தண்ணீரால் வந்த சேதத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் சேர்ப்பதில்லை, குறி ஐபிஎக்ஸ்7 ஆனாலும். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் முழு ஜோடியும் வாங்க வேண்டியதில்லை, சில நிறுவனங்கள் இடது, வலது, கேஸ் என்று தனித்தனியாகவே விற்கின்றன. அதே மாடல், அதே தலைமுறைதானா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், வேறு தலைமுறை வந்தால் ஜோடி சேராது.

அதுவும் வேண்டாம் என்றால் பிழைத்த பக்கத்தைத் தூக்கிப்போடாதீர்கள். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கத்து ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து ஒற்றைக் காதிலேயே வந்துவிடும். வாஷிங் மெஷினிலிருந்து வந்த என்னுடைய அந்த வலது பக்கம் இன்றும் அப்படித்தான் அழைப்புகளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, கேஸில் இடது பக்கத்துக் குழி காலியாக.